மேரி லாஸ்கரை எவ்வாறு மதிப்பிடுவது? விளம்பரச் செல்வம், புற்றுநோய் ஆய்வு, நியூயார்க்கின் பூக்கள்

வைகைக்கரை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். பொதுநலத்துக்குச் செல்வத்தைச் செலவிட்டவர்களைப் பற்றி எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் ஒரு தொடர் உரை நடந்துவருகிறது. அதில் அமெரிக்காவின் மேரி லாஸ்கரைப் பற்றிப் பேசும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற சிற்றூரில் 1900ஆம் ஆண்டு ஒரு வங்கியாளரின் மகளாகப் பிறந்தவர். ராட்கிளிஃப் கல்லூரியில் கலை வரலாறு படித்தவர். நியூயார்க்கில் ஓவிய விற்பனைக்கூடம் ஒன்றில் பணியாற்றியவர். முதல் திருமணம் முறிந்தபின் 1940இல் விளம்பர உலகின் முதல்வரிசைப் புள்ளியான ஆல்பர்ட் லாஸ்கரை மணந்தவர். இருவரும் சேர்ந்து 1942இல் தொடங்கிய அறக்கட்டளை இன்றும் மருத்துவ ஆய்வாளர்களுக்கு லாஸ்கர் விருதை வழங்கிவருகிறது. வாழ்க்கைக் குறிப்பு என்ற அளவில் இவ்வளவும் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. எனக்குள்ள ஐயங்கள் வேறு.

முதலாவதாக, ஆல்பர்ட் லாஸ்கரின் செல்வத்தில் ஒரு பகுதி லக்கி ஸ்டிரைக் சிகரெட்டுக்கு விளம்பரம் செய்து ஈட்டியது. அந்தச் செல்வத்தைக் கொண்டு புற்றுநோய்க்கு எதிராகப் போராடியவரை எந்த மனநிலையோடு மேடையில் அறிமுகப்படுத்துவது? இரண்டாவதாக, அவர் தம் கைப்பொருளாகக் கொடுத்ததைக் காட்டிலும் அரசிடமிருந்து பெற்றுத் தந்தது பல மடங்கு அதிகம் என்று படிக்கிறேன். அப்படியானால் அவரைக் கொடையாளர் என்பதா, அரசியல் செல்வாக்குப் பெற்ற சீமாட்டி என்பதா? மூன்றாவதாக, நியூயார்க் தெருக்களில் அவர் நட்ட பூக்களும் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த மத்தீஸ், ரெனுவார் ஓவியங்களும் இந்த மருத்துவப் பணியோடு உறவுடையவையா, அல்லது செல்வர் வீட்டு அலங்காரம் மட்டும்தானா? அறிந்தவர்கள் விரிவாகவே எழுத வேண்டுகிறேன்.

பழைய ஏடு:

வணக்கம் அம்மா. உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்ளேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மேரியின் நினைவுகளில் ஒரு நிகழ்ச்சி திரும்பத் திரும்ப வருகிறது. அவர் சிறுமியாக இருந்தபோது, அவர்கள் வீட்டுத் துணிகளை வெளுத்துக்கொடுத்த பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டு, மார்பகங்களை அகற்றிவிட்டார்கள். அவரைப் பார்க்கத் தாயார் மகளையும் அழைத்துச் சென்றார். தாழ்ந்த கட்டிலில் அந்தப் பெண் படுத்திருக்க, சுற்றிலும் அவருடைய பிள்ளைகள் நின்றிருந்த காட்சியும், இதற்கு வேறு வழியே கிடையாதா என்று தமக்குள் எழுந்த கோபமும் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவரைவிட்டு அகலவில்லை. புற்றுநோயையும் மாரடைப்பையும் பாவத்தை எதிர்ப்பதுபோல் எதிர்க்கிறேன் என்று அவர் பின்னாளில் கூறியது மேடைக்காகச் சொன்ன சொல் என்று எனக்குத் தோன்றவில்லை.

1943இல் அவர் அமெரிக்கப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் அலுவலகத்துக்குச் சென்று, ஆய்வுக்காக எவ்வளவு செலவிடுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்பதே விடையாக இருந்தது. 1913 முதல் இயங்கிவந்த சங்கம் அது; மருத்துவர்கள் நடத்தியது; துண்டுப் பிரசுரங்களை வெளியிட்டுவந்தது. புற்றுநோய் என்ற சொல்லை வானொலியில் உச்சரிக்கவே தயங்கிய காலம். லாஸ்கர் தம்பதியர் செய்த முதல் வேலை, விளம்பரத் துறையின் உத்திகளை அந்தச் சங்கத்துக்குள் கொண்டுவந்தது. வானொலியில் அந்தச் சொல் ஒலிப்பதற்கு ஆல்பர்ட் தம் தொடர்புகளைப் பயன்படுத்தினார். ஆட்சிக்குழுவில் மருத்துவர்களோடு தொழிலதிபர்களும் விளம்பரக்காரர்களும் இடம்பெற்றார்கள். சங்கத்தின் பெயரும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் என மாறியது. 1945இல் திரண்ட நன்கொடை 40 இலட்சம் டாலரைத் தாண்டியது. அதில் ஏறத்தாழ 10 இலட்சம் டாலரை ஆய்வுக்கு ஒதுக்க வேண்டும் என்பது லாஸ்கர் தரப்பின் நிபந்தனை. அந்தச் சங்கத்தின் வரலாற்றில் ஆய்வுக்கென்று ஒதுக்கப்பட்ட முதல் பெருந்தொகை அதுதான்.

ஆனாலும் நன்கொடையால் மட்டும் இந்த வேலை நடக்காது என்பதை அவர் விரைவிலேயே கண்டுகொண்டார். உனக்குத் தேவைப்படுவது என்னைப் போன்றவர்களின் பணமன்று, அரசின் பணம், அதைப் பெறும் வழியை நான் காட்டுகிறேன் என்று ஆல்பர்ட் சொன்னதாக மேரியே நினைவுகூர்ந்திருக்கிறார். 1952இல் ஆல்பர்ட் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மேரி நடத்திய வாழ்க்கை அந்த ஒரு வாக்கியத்தின் செயல்வடிவம் என்றே சொல்லலாம். ஒரு செல்வர் தம் கிணற்றிலிருந்து எத்தனை குடம் இறைத்து ஊற்றினாலும் ஊர் வயலெல்லாம் நனையாது. மேரி லாஸ்கர் ஏரியின் மதகைத் திறக்கச் செய்தவர்.

மதகை எப்படித் திறந்தார் என்பதையும் உங்கள் உரையில் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான தேசிய நலவாழ்வு நிறுவனங்களுக்கான நிதியை முடிவு செய்தவர்கள் நாடாளுமன்றத்தின் இரண்டு துணைக்குழுத் தலைவர்கள்: மேலவையில் அலபாமாவின் லிஸ்டர் ஹில், கீழவையில் ரோட் தீவின் ஜான் ஃபோகர்ட்டி. ஃபோகர்ட்டி கொத்தனாராக வேலை பார்த்துத் தொழிற்சங்கத்தின் வழியாக அரசியலுக்கு வந்தவர். மேரியும் அவருடைய தோழி ஃபிளாரன்ஸ் மஹோனியும் இவர்களுடன் நெருங்கிய நட்பைப் பேணினார்கள். குழுவின் முன் சாட்சியம் சொல்லச் சிட்னி ஃபார்பர், மைக்கேல் டிபேக்கி போன்ற முன்னணி மருத்துவர்களை அழைத்துவந்தார்கள். எந்த நோயால் ஆண்டுக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள், அதற்கு எவ்வளவு செலவிடப்படுகிறது என்ற புள்ளிவிவரங்களை உறுப்பினர்களின் கைகளில் சேர்த்தார்கள். தேர்தல் செலவுக்கு நன்கொடையும் கொடுத்தார்கள். நிர்வாகம் கேட்டதைவிடக் கூடுதலாகவே நாடாளுமன்றம் நிதி ஒதுக்கிய ஆண்டுகள் பல. 1947இல் 80 இலட்சம் டாலராக இருந்த அந்த நிறுவனங்களின் ஆண்டு நிதி 1966இல் 100 கோடி டாலரைத் தாண்டியது. இதில் மேரியின் பங்கு மட்டுமே உண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போருக்குப் பிந்தைய அமெரிக்கா அறிவியலின்மேல் வைத்திருந்த நம்பிக்கையும், வளர்ந்துகொண்டிருந்த அரசு வருவாயும் துணை நின்றன. எனினும் அந்தக் காலத்தைப் பற்றி எழுதிய யாரும் அவர் பெயரைத் தவிர்க்க முடிந்ததில்லை.

எனவே, அவர் பெரிய கொடையாளர் என்பதில் எனக்கு ஐயமில்லை. பணத்தைக் காட்டிலும் தம் நேரத்தையும் நட்பையும் வீட்டுக் கூடத்தையும் அவர் கொடுத்தார்.

கதிரியக்க மருத்துவர்:

பழைய ஏடு அவர்கள் எழுதியதோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசாமல் இந்த அம்மையாரின் கதை முழுமை பெறாது. அங்கேதான் அவருடைய வலிமையும் எல்லையும் ஒருசேரத் தெரிகின்றன.

அதற்குமுன் நம் மண்ணோடு உள்ள ஓர் உறவைச் சொல்லிவிடுகிறேன். மேரியின் நெருங்கிய கூட்டாளியான சிட்னி ஃபார்பர், 1947இல் பாஸ்டனில் இரத்தப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். மிகவும் நலிந்திருந்த 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்தது. 1948இல் அவர் அதை வெளியிட்டபோது மருத்துவ உலகம் நம்பத் தயங்கியது. அந்த மருந்து லெடர்லே ஆய்வகத்தில் எல்லாபிரகட சுப்பாராவ் தலைமையிலான குழுவிடமிருந்து வந்தது. சுப்பாராவ் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1948இலேயே அவர் காலமானார். மருந்துகளால் புற்றுநோயை வெல்லலாம் என்று ஃபார்பர் மேரியிடம் உறுதியாகப் பேச முடிந்ததற்குப் பின்னால் அந்த மனிதரின் உழைப்பு இருக்கிறது. மதுரைப் பக்கத்து மேடையில் இதைச் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1969 டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் ஒன்று வெளிவந்தது. அதிபர் நிக்சனைப் பெயர் சொல்லி விளித்து, உங்களால் புற்றுநோயைக் குணப்படுத்த முடியும் என்று அது அறிவித்தது. அதன் பின்னணியில் மேரியின் குழு இருந்தது. 1970இல் மேலவை உறுப்பினர் ரால்ஃப் யார்பரோவின் முயற்சியால் வல்லுநர் குழு அமைந்தது. 1971 ஏப்ரலில் ஆன் லாண்டர்ஸ் தம் நாளிதழ்ப் பத்தியில் வாசகர்களைத் தங்கள் பிரதிநிதிகளுக்கு எழுதச் சொன்னபோது, இலட்சக்கணக்கான கடிதங்கள் வாஷிங்டனில் வந்து குவிந்தன. அந்தப் பத்தி எழுத்தாளரும் மேரியின் தோழிதான். டிசம்பர் 23ஆம் நாள் நிக்சன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 159 கோடி டாலர் செலவிட அது வழிவகுத்தது.

நிலவுக்கு மனிதனை அனுப்பியதுபோல் குறிக்கோளை அறிவித்துவிட்டுப் பணத்தைக் கொட்டினால் நோயையும் வென்றுவிடலாம் என்ற நம்பிக்கை அந்த இயக்கத்தின் உயிர்நாடியாக இருந்தது. நாட்டின் இருநூறாம் ஆண்டான 1976க்குள் பெரிய திருப்பம் வந்துவிடும் என்றும் எதிர்பார்த்தார்கள். சால் ஸ்பீகல்மேன் போன்ற உயிரியலாளர்கள் அப்போதே எச்சரித்தார்கள்: நியூட்டனின் ஈர்ப்பு விதிகளை அறியாமல் நிலவுக்குப் புறப்படுவதைப் போன்றது இது என்பது அவர்கள் வாதம். வரலாறு அவர்கள் பக்கமே சாய்ந்தது. உயிரணு ஏன் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது என்பது 1971இல் எவருக்கும் தெளிவாகத் தெரியாது. அமெரிக்காவில் வயது வேறுபாட்டைச் சரிசெய்து கணக்கிட்ட புற்றுநோய் இறப்பு விகிதம் 1991 வரை ஏறிக்கொண்டேதான் போனது.

அதன் பிறகு அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருக்கிறது. இந்தச் சரிவுக்கு முதன்மைக் காரணம் புகைப்பழக்கம் குறைந்தது. அடுத்தவை முன்கூட்டியே கண்டறிதலும் மேம்பட்ட சிகிச்சையும். அவசரத்தில் ஒதுக்கப்பட்ட அந்தப் பணம் அடிப்படை உயிரியல் ஆய்வுக்கும் பாய்ந்தது. இன்று நான் பணியாற்றும் துறையில் அன்றாடம் கையாளும் சிகிச்சை முறைகளின் வேர்கள் பல அங்கே இருக்கின்றன. எதற்காகக் கேட்டாரோ அது அவர் சொன்ன காலத்தில் கிடைக்கவில்லை. வேறொன்று பின்னாளில் கிடைத்தது. நோயாளிகளுக்கு நாள் குறித்து நம்பிக்கை தருவதில் உள்ள ஆபத்தை இந்த நிகழ்விலிருந்து என் மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு. ஆனால் பொறுத்திருங்கள் என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த மருத்துவ உலகை உலுக்கியவர் அவர் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அதிகம் பேசப்படாத இன்னொரு வெற்றியையும் குறிப்பிட விரும்புகிறேன். மேரியின் பெற்றோர் இருவருமே உயர் இரத்த அழுத்தத்தால் துன்புற்றவர்கள். அதைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் வந்த பிறகும் பெரும்பாலோருக்குத் தங்கள் இரத்த அழுத்தம் எவ்வளவு என்பதே தெரியாமல் இருந்தது. அவர் நலவாழ்வுத் துறைச் செயலர் எலியட் ரிச்சர்ட்சனிடம் விடாமல் வலியுறுத்தியதன் பயனாக 1972இல் தேசிய உயர் இரத்த அழுத்தக் கல்வித் திட்டம் தொடங்கியது. பக்கவாதத்தால் நேரும் இறப்புகள் அடுத்த இருபது ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்ததில் அத்திட்டத்துக்கும் பங்குண்டு. புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், இருக்கும் அறிவை மக்களிடம் கொண்டுசேர்த்ததால் கிடைத்த பலன் அது. புற்றுநோய்ப் போரைவிட இதையே அவருடைய சிறந்த பணியாக நான் மதிக்கிறேன்.

வைகைக்கரை வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. சுப்பாராவ் பற்றிய செய்தி எனக்கு முற்றிலும் புதியது; கட்டாயம் சேர்த்துக்கொள்கிறேன். இறப்பு விகிதம் குறைந்ததற்கு முதன்மைக் காரணம் புகைப்பழக்கம் குறைந்ததுதான் என்று மருத்துவர் எழுதியதைப் படித்தபோது என் முதல் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஆல்பர்ட் லாஸ்கர் பெண்களிடையே சிகரெட்டைப் பரப்பியவர்களில் ஒருவர் அல்லவா? அந்தப் பணத்தில் உருவான பெயரை ஒரு மருத்துவ விருது தாங்கி நிற்பதை எப்படி ஏற்பது? காலவரிசையோடு யாரேனும் விளக்க முடியுமா?

சுவரொட்டி:

விளம்பரத் துறையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆல்பர்ட் லாஸ்கர் 1898இல் சிகாகோவின் லார்டு அண்டு தாமஸ் விளம்பர நிறுவனத்தில் எடுபிடி வேலையில் சேர்ந்து, பின்னர் அதன் உரிமையாளரானவர். சன்கிஸ்ட் ஆரஞ்சு, பாமாலிவ் சோப்பு, பெப்சோடென்ட் பற்பசை, கோடெக்ஸ், கிளீனெக்ஸ் என்று அவர் வீடுதோறும் கொண்டுசேர்த்த பொருள்களின் பட்டியல் நீளமானது. 1920களில் லக்கி ஸ்டிரைக் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. தம் முதல் மனைவி சிகாகோ உணவகம் ஒன்றில் சிகரெட்டைப் பற்றவைத்தபோது, பிற வாடிக்கையாளர்களை முன்னிட்டு உரிமையாளர் தடுத்ததாகவும், பெண்கள் பொது இடத்தில் புகைப்பதற்கு எதிரான அந்தத் தடையை உடைக்க வேண்டும் என்று அப்போது தோன்றியதாகவும் ஆல்பர்ட் சொல்லியிருக்கிறார். மருத்துவர் அந்த அம்மையாருக்கு உடல் எடையைக் குறைக்கப் புகைக்கச் சொல்லியிருந்தாராம். அக்காலத்தின் அறியாமை அப்படி. பாடகிகளையும் நடிகைகளையும் கொண்டு விளம்பரங்கள் வெளியாயின. இனிப்புக்குப் பதிலாக ஒரு லக்கியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெண்களிடம் பேசிய விளம்பரம் 1928, 29 வாக்கில் நாடெங்கும் பரவியது. அந்த முழக்கம் உருவானதில் சிகரெட் நிறுவனத் தலைவருக்கும் பிற விளம்பரக்காரர்களுக்கும் பங்குண்டு என்றாலும், ஆல்பர்ட்டின் பொறுப்பு அதனால் குறைந்துவிடாது.

இனிக் காலவரிசை. ஆல்பர்ட் 1942இல் தம் நிறுவனத்தைக் கலைத்து, மூன்று நிர்வாகிகளிடம் ஒரு இலட்சம் டாலருக்கு ஒப்படைத்துவிட்டு அத்தொழிலிலிருந்தே விலகினார். நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைப்பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஐயமற எடுத்துக்காட்டிய அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வுகள் வெளிவந்த ஆண்டு 1950. இரண்டு ஆண்டுகளில் ஆல்பர்ட் இறந்துவிட்டார். எனவே, தெரிந்தே நஞ்சை விற்றார் என்று அவர்மேல் குற்றம் சாட்டுவது நியாயமாகாது. ஆனால் அந்த விளம்பரங்களைப் பார்த்துப் புகைக்கத் தொடங்கிய பெண்கள் பின்னாளில் நுரையீரல் புற்றுநோய்க்கு இரையானார்கள் என்ற உண்மையும் அப்படியே இருக்கிறது. அவருடைய நோக்கத்தைச் சுட்டி அந்த இழப்பைச் சிறிதாக்க நான் விரும்பவில்லை.

நீங்கள் மேடையில் சொல்ல வேண்டியது இதற்கு அடுத்த பகுதி என்று நினைக்கிறேன். லாஸ்கர் தம்பதியர் புத்துயிர் ஊட்டிய அதே அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம்தான் 1952இல் ஏறத்தாழ 1,88,000 ஆண்களைத் தன்னார்வலர்கள் மூலம் பின்தொடர்ந்து, புகைப்பவர்கள் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. ஹாமண்ட், ஹார்ன் என்ற இருவர் நடத்திய அந்த ஆய்வு 1954இல் முதல் முடிவுகளை அறிவித்தபோது சிகரெட் நிறுவனங்கள் கலங்கின. அத்தனை பெரிய ஆய்வுக்கான பணமும் ஊர்தோறும் பரந்திருந்த தன்னார்வலர் படையும் 1945க்கு முந்தைய சங்கத்திடம் இருந்ததில்லை.

ஆல்பர்ட்டிடமிருந்து நிறுவனத்தைப் பெற்ற மூவரில் ஒருவர் எமர்சன் ஃபூட். லக்கி ஸ்டிரைக் விளம்பரக் கணக்கைக் கையாண்டவரே அவர்தான். புற்றுநோய்ச் சங்கத்தைச் சீரமைத்ததில் மேரிக்கு வலக்கையாக நின்றவரும் அவர்தான். 1948இல் அவருடைய நிறுவனம் அந்தப் பெரிய சிகரெட் கணக்கையே துறந்தது. அப்போதைய காரணம் வாடிக்கையாளரோடு ஏற்பட்ட பிணக்கு. ஆனால் 1964இல் மெக்கான் எரிக்சன் விளம்பர நிறுவனத்தின் தலைவர் பதவியில் இருந்தபோது, சிகரெட் விளம்பரம் செய்யும் இடத்தில் இருக்க மனம் ஒப்பவில்லை என்று பதவியைத் துறந்தார். பின்னர் புகைப்பழக்கத்துக்கு எதிரான தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்து, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிகரெட் விளம்பரத்தைத் தடை செய்யக் கோரினார். அந்தத் தடை 1971 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் எடுத்துக்காட்டாகச் சொல்லும் பெயர் ஆல்பர்ட் லாஸ்கரன்று, எமர்சன் ஃபூட்.

ஆட்சியியல் மாணவன்:

மூத்தவர்கள் எழுதியதை மதிப்போடு படித்தேன். ஆயினும் ஒரு மாற்றுக்கருத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. நியூயார்க்கின் பீக்மன் பிளேஸ் வீட்டில் ஒரு செல்வச் சீமாட்டியின் விருந்து மேசையில் எந்த நோய்க்கு எவ்வளவு பணம் என்று முடிவாவது மக்களாட்சிக்கு நல்லதா? ஒரு நோய்க்குச் செல்வாக்குள்ள தோழி கிடைத்துவிட்டால் அதற்குத் தனி நிறுவனம் கிடைக்கிறது. யாரும் பரிந்து பேசாத நோய் பின்தங்கிவிடுகிறது. வறியவர்களின் ஊட்டச்சத்துக் குறைவுக்கோ சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோய்க்கோ அப்படி ஒரு மேசை வாய்க்கவில்லை. பணம் நல்ல வழியில் செலவானது என்பதால் இந்த வழிமுறையையே பாராட்டிவிடலாகாது.

பழைய ஏடு:

தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது. அக்காலத்திலேயே அறிவியலாளர்களும் நிர்வாகிகளும் இதை எழுப்பினார்கள். புற்றுநோய் நிறுவனத்தை நாசா போலத் தனி அமைப்பாகப் பிரித்து, நேரடியாக அதிபரின் பார்வையில் வைக்க வேண்டும் என்று மேரி தரப்பு 1971இல் கேட்டது. கீழவையில் பால் ரோஜர்ஸ் அதை எதிர்த்து நின்றார். முடிவில் நிறுவனம் தாய் அமைப்புக்குள்ளேயே இருந்தது. அதன் இயக்குநரை அதிபர் அமர்த்துவது, நிதிக் கோரிக்கையை நேரடியாக அதிபருக்கு அனுப்புவது என்ற இரண்டு சலுகைகளோடு சமரசம் ஏற்பட்டது. நாடாளுமன்றம் அந்த அளவுக்குத் தன் அறிவோடு செயல்பட்டது என்பது எனக்கு ஆறுதல் தருகிறது.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1940களின் பிற்பகுதியில் அதிபர் ட்ரூமன் அனைவருக்குமான மருத்துவக் காப்பீட்டை முன்வைத்தபோது, லாஸ்கர் தம்பதியர் அதை வெளிப்படையாக ஆதரித்தார்கள். மருத்துவர் சங்கத்தின் கடும் எதிர்ப்பால் அது தோற்றது. ஆய்வுக்கான நிதியை மட்டும் யாரும் எதிர்க்கவில்லை என்பதால் மேரியின் உழைப்பு முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. வறியவர்களை அவர் மறந்தார் என்பதைவிட, அடைபட்ட கதவை விட்டுத் திறந்திருந்த கதவின் வழியாகச் சென்றார் என்பதே சரியாக இருக்கும். ஆனாலும் அமெரிக்கா உலகின் தலைசிறந்த ஆய்வகங்களைப் பெற்று, எல்லோருக்குமான மருத்துவக் காப்பீட்டைப் பெறாமல் போனது என்ற வருத்தம் எனக்கும் உண்டு.

நம் பக்கத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துப் பாருங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், பல ஆண்டுகள் அரசின் கதவைத் தட்டிய பிறகு, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு ஊர் ஊராக நன்கொடை திரட்டி 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் சட்டமன்றத்திலேயே இருந்தவர், மருத்துவரும்கூட. ஆனாலும் மேரிக்குத் திறந்த கஜானா அவருக்குத் திறக்கவில்லை. விருந்து மேசையின் செல்வாக்கைக் குறை சொல்லும்போது, அது இல்லாத இடத்தில் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தூரிகை:

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். ஓவியங்களும் பூக்களும் அவருக்கு அலங்காரம் மட்டும்தானா என்று கேட்டிருந்தீர்கள்.

மேரி மருத்துவம் படித்தவர் அல்லர். அவர் முறையாகப் பயின்றது ஓவியக் கலையைத்தான். 1930களின் பொருளாதாரச் சரிவில் ஓவிய விற்பனை படுத்துவிட்டபோது, திரைப்பட நடிகைகள் உடுத்தியதைப் போன்ற ஆடைகளைப் பெண்கள் வீட்டிலேயே தைத்துக்கொள்ள உதவும் மலிவு விலைத் தையல் மாதிரித் தாள்களை ஹாலிவுட் பேட்டர்ன்ஸ் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்து வெற்றி கண்டார். ஆல்பர்ட்டை மணக்கும்போது அவர் தம் காலில் நின்ற தொழில்முனைவர். ஓவியத்தைப் பற்றி எதுவும் அறியாதிருந்த ஆல்பர்ட்டுக்கு மத்தீஸையும் செசானையும் வான் கோவையும் அறிமுகப்படுத்தியவரும் அவரே. வெண்ணிறச் சுவர்களில் அந்த ஓவியங்கள் தொங்கிய வீட்டில்தான் மேலவை உறுப்பினர்களும் மருத்துவர்களும் விருந்துண்டார்கள். அழகான சூழலில் மனிதர்கள் பெருந்தன்மையோடு சிந்திப்பார்கள் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

ஆல்பர்ட் மறைந்த பின் அவருடைய கல்லறை மண்டபத்துக்கான வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை வடிவமைத்துத் தரும்படி முதுமையில் நோயுற்றிருந்த மத்தீஸிடம் கேட்டார். மத்தீஸ் 1953இல் வண்ணம் தீட்டிய தாள்களைக் கத்தரித்து ஒட்டிப் பூத்த ஐவிக் கொடி ஒன்றை உருவாக்கினார். பச்சையும் மஞ்சளும் நீலமுமாக ஆளுயரத்தைவிடப் பெரிதான படைப்பு அது. மேரி அதை ஏற்கவில்லை. தம் துயரத்துக்கு அது பொருந்தவில்லை என்று உணர்ந்தாரோ என்னவோ, உலகின் தலைசிறந்த ஓவியர் தந்ததையும் மறுக்கும் துணிவு அவருக்கு இருந்தது. அந்த மூலப்படைப்பு இப்போது டாலஸ் கலை அருங்காட்சியகத்தில் லாஸ்கர் அறக்கட்டளையின் கொடையாக இருக்கிறது. செல்வத்தின் சின்னமாக மட்டும் ஓவியத்தைக் கண்டவர், மத்தீஸ் என்ற பெயர் போதும் என்று வாங்கி மாட்டியிருப்பார்.

பூக்களைப் பற்றி. மேரியின் தாயார் சாரா வாட்டர்டவுனில் பொதுப் பூங்காக்கள் அமையக் காரணமாக இருந்தவர். தாயார் இறந்தபின் அவர் நினைவாக 1940களில் மேரி நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் சாமந்திச் செடிகளை வளர்க்க விதை வழங்கினார். அடுத்து பார்க் அவென்யூ. அந்த அகன்ற சாலையின் நடுவே நீளும் திட்டுகளில், ஓயாத வண்டிப் புகையில் பூச்செடி பிழைக்காது என்று சொன்னார்கள். சில தெருக்களின் அளவுக்குத் தம் செலவில் நட்டு வளர்த்துக் காட்டி அந்தக் கருத்தை மாற்றினார். இன்று இளவேனிலில் அங்கே பூக்கும் தூலிப்களைப் பார்த்துக்கொண்டு நடப்பவர்களில் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியாது. ஐக்கிய நாடுகள் சபை வளாகத்துக்குச் செர்ரி மரங்களும் டாஃபடில்களும் கொடுத்தார். 1965 முதல் அதிபரின் மனைவி லேடி பேர்டு ஜான்சன் தலைநகரை அழகுபடுத்தும் இயக்கத்தைத் தொடங்கியபோது, வாஷிங்டன் சாலையோரங்களுக்கு ஆயிரக்கணக்கான அசேலியாச் செடிகளை வழங்கினார்.

இதில் அவர் கையாண்டதும் மருத்துவ ஆய்வில் கையாண்ட அதே முறைதான் என்பதைக் கவனியுங்கள். முதலில் சிறிதளவு தம் பணத்தைச் செலவிட்டு, முடியாது என்று சொல்லப்பட்டதைச் செய்து காட்டுவார். பிறகு, தொடர்ந்து செய்ய வேண்டியது உங்கள் கடமை என்று நகரத்தையோ நாட்டையோ வற்புறுத்துவார். மூடிய சுவருக்குள் தோட்டம் போட்டுக்கொள்ள வசதியிருந்தவர், நடந்து போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும் இடத்தில் பூக்களை நட்டார். அதனால்தான் பூக்களும் மருத்துவமும் ஒரே மனத்திலிருந்து வந்தவை என்று உறுதியாகச் சொல்கிறேன்.

கதிரியக்க மருத்துவர்:

தூரிகை அவர்கள் எழுதியது எனக்கும் புதிய வெளிச்சம் தந்தது. வாசகி அவர்களுக்கு நடைமுறை சார்ந்த ஒரு குறிப்பு மட்டும் சேர்க்கிறேன். விருதைப் பற்றிப் பேசும்போது, நம் நாட்டினருக்குத் தெரிந்த ஹர் கோவிந்த் கொரானா 1968இல் லாஸ்கர் விருதையும் அதே ஆண்டில் நோபல் பரிசையும் பெற்றதைச் சொல்லலாம். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் சோதனையைத் தந்த பாப்பனிக்கலாவுக்கு 1950இல் அந்த விருது கிடைத்தது. நோபல் பரிசு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. உங்கள் கூட்டத்தில் பெண்கள் அதிகம் இருப்பார்கள் என்றால் அவரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசி, அந்தச் சோதனையை நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் செய்துகொள்ள முடியும் என்பதையும் அறிவித்துவிடுங்கள்.

பழைய ஏடு:

மேரியின் சொந்தக் குரலைக் கேட்க விரும்பினால், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வாய்மொழி வரலாற்றுத் திட்டத்துக்காக அவர் 1960களில் தொடங்கிப் பல ஆண்டுகள் அளித்த நீண்ட நேர்காணல் இருக்கிறது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அதை முழுதும் படிக்க நேரம் இராது. 1943இல் புற்றுநோய்ச் சங்க அலுவலகத்துக்குப் போன பகுதியிலிருந்து ஆல்பர்ட்டின் மறைவு வரையிலான பகுதிகளை மட்டும் படித்தாலே உங்கள் உரைக்குப் போதும். உரை முடிந்ததும் எழுத்து வடிவத்தை இங்கே பதிந்தால் மகிழ்வோம்.